செக் சொல்லாத ஆட்டம்

கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில் எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் அர்ச்சுனனுக்குக் கவலை இல்லை, காளியப்பன் ஒருத்தனைத் தவிர. அந்தக் காளியப்பனே வந்து உட்கார்ந்தான். தலையெழுத்து என்று சொல்லலாம். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஜொகூர் பாருவில் நம் ஆட்கள் கூடும் அந்தக் கிளப்பில் சதுரங்கம் உருப்படியாக ஆடத் தெரிந்தவர்களே இந்த இரண்டு பேர்தான் என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் அர்ச்சுனனுக்கு வயிறு எரிந்தது.

காளியப்பன் வேறு யாருமில்லை, அர்ச்சுனனுடைய தங்கை செல்லத்தின் புருஷன். உலு திராம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. அர்ச்சுனன் ஜொகூர் பாரு ரயில் கொட்டகையில் கிராணி. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பலகையை விரித்துவிடுவார்கள். பொழுது சாயும்வரை சோறு தண்ணீர் நினைப்பு இருக்காது. அந்த நெருக்கத்தில்தான், "என் தங்கச்சியக் கட்டிக்கிறியாடா?" என்று அர்ச்சுனனே வாய்விட்டுக் கேட்டான். அந்த வாயை அன்றைக்கே தைத்துப் போட்டிருக்க வேண்டும் என்று இப்போது அவனுக்குத் தோன்றுகிறது.

சண்டை எதனால் என்று கேட்டால் வெளியாட்கள் சிரிப்பார்கள். செல்லத்துக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. அர்ச்சுனன் தன் அம்மா பேச்சியம்மாளையும் சொந்தபந்தங்களையும் ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு, தட்டும் பூவும் பழமுமாகத் தோட்டத்துக்குப் போய் இறங்கினான். காளியப்பன் வாசலில் பெரிய கிராணியோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். இவர்கள் இறங்கியதைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவ்வளவுதானா? நம் ஜனங்களிடம் கேட்டுப் பாருங்கள். வீடு தேடி வந்தவனை 'வாங்க' என்று கேட்காவிட்டால் செருப்பால் அடித்ததற்குச் சமம். அர்ச்சுனன் பொறுத்துப் பார்த்தான். செல்லத்தின் இரண்டு கையிலும் வளையல் ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பந்தியில் இலை போட்டதும் அடக்க முடியாமல் வெடித்தது.

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாத வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

"உன்னை யாரு நனைக்கச் சொன்னா? எழுந்து போ" என்றான் காளியப்பன்.

போய்விட்டான். வந்த அத்தனை பேரையும் இலையிலிருந்து எழுப்பி லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும். மகராசன் கோபத்தில் யாரை அழைத்துப் போக வந்தானோ அவளை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனான். லோரி கிளம்பியபோது செல்லம் படியில் நின்று அழுதாள். திரும்பிப் போய் அவளை ஏற்றிக்கொள்ள அர்ச்சுனனுக்கு ரோஷம் விடவில்லை.

பிறகு ஆள் மேல் ஆள் தூது நடந்தது. "விட்டுட்டுப் போனவன் வந்து, என் மூஞ்சிய பாத்து வாயத் திறந்து கேக்கட்டும், அனுப்புறேன்" என்று காளியப்பன் சொல்லியனுப்பினான். "வாங்கன்னு சொல்லாதவன் முதல்ல வாயத் திறக்கட்டும்" என்று அர்ச்சுனன் பதில் அனுப்பினான். இப்போது செல்லத்துக்கு ஒன்பதாம் மாதம். மழைக்காலம் பிடித்துக்கொண்டது. தோட்டத்து மண் சாலையில் வண்டி போகிற நாள் குறைந்துகொண்டே வந்தது.

பேச்சியம்மாளுக்கு இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. அவளுடைய மூத்த மகள் வெள்ளையம்மா இப்படித்தான் ஒரு தோட்டத்தில், இப்படி ஒரு மழையில், தலைப்பிரசவத்தில் செத்தாள். ஆறு பொங்கிவிட்டது. அக்கரையிலிருந்து மருந்துக்காரர் வந்து சேர்வதற்குள் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. ஜொகூர் பாருவில் அர்ச்சுனன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். அதைத்தான் பேச்சியம்மாள் இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனாள். ஆட்டத்துக்கு அவன் சட்டை மாட்டும்போதும் சொன்னாள்.

"உன் ரோஷம் வந்து அவளுக்குப் பிரசவம் பாக்குமாடா?"

"இன்னைக்கு அவனைப் பேச வைக்கிறேன் பாரும்மா" என்றான் அர்ச்சுனன்.

"எனக்கு அவர் பேச வேணாம். என் மக வந்தா போதும்."

அர்ச்சுனனிடம் ஒரு திட்டம் இருந்தது. அந்தக் கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. முன்னொரு வருஷம் 'நீ செக் சொல்லவில்லை, நான் கவனிக்கவில்லை' என்று இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டதிலிருந்து வந்த சட்டம். செக் வைத்தால் எதிராளி காதில் விழும்படி வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த நகர்த்தல் செல்லாது. அதேபோல் தோல்வியை ஒப்புக்கொள்கிறவனும் 'ஆட்டம் உங்களுது' என்று வாயால் சொல்ல வேண்டும். காளியப்பனை மூச்சுவிட முடியாமல் நெருக்கினால் அவன் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் தீர வேண்டும். முதல் வார்த்தை அவன் வாயிலிருந்து வந்துவிடும். அப்புறம் பெருந்தன்மையாகத் தங்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். என்ன மூளை பாருங்கள்! நேரே போய் ஒரு வார்த்தை கேட்பதற்கு இவ்வளவு சுற்று.

ஆட்டத்துக்கு நடுவர் ஐயாசாமி. கோர்ட்டுக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சட்டம் தெரியும்ல? செக்க வாயால சொல்லணும். தலைய ஆட்டினா செல்லாது" என்றார்.

"உங்ககிட்ட சொல்றேன், நீங்க அந்தாள்கிட்ட சொல்லிருங்க" என்றான் காளியப்பன்.

"நான் கச்சேரியில மொழிபெயர்த்தது போதும்லா. இங்கயும் செய்யணுமா? நேரா சொல்லு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். காளியப்பன் சிரிக்கவில்லை. வெள்ளைக் காய் அவனுக்கு. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான்.

அதற்குப் பதிலாகத் தன் ராஜாவின் சிப்பாயையும் அப்படியே தள்ளுவதுதான் அந்தக் கிளப்பில் எல்லாருக்கும் வழக்கம். அர்ச்சுனன் தள்ளவில்லை. ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். சிசிலித் தடுப்பு. காளியப்பன் அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான்.

தடுப்பு என்று அதற்குப் பெயர் வைத்தவன் பெரிய கிண்டல்காரனாக இருந்திருக்க வேண்டும். தடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எதிராளி வீட்டுக்கூரையைப் பிரிக்கிற ஆட்டம் அது. சிங்கப்பூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் சஞ்சிகையைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைக் கற்றுக்கொண்டார்கள். "சிநேகிதனுக்குள்ள இது வேணாம்டா. இதுல ஒருத்தன் ரத்தம் கக்கணும்" என்று அப்போது காளியப்பன் சொன்னான். சரி என்று அர்ச்சுனனும் ஒப்புக்கொண்டான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் ஒருவர் மேல் ஒருவர் அதை ஏவவில்லை. இன்று ஏவினான். இப்போது நீ எனக்குச் சிநேகிதன் இல்லை என்று பத்திரிகை அடித்துக் கொடுத்த மாதிரிதான்.

காளியப்பனுக்கும் வெறி ஏறியது. அவன் தன் ராஜாவை ராணிப் பக்கம் கொண்டுபோய் யானைக்குப் பின்னால் அடைத்தான். அர்ச்சுனன் தன் ராஜாவை மறுகோடியில் அடைத்தான். அதற்குப் பிறகு காவல் காக்கிற எண்ணம் இரண்டு பேருக்குமே இல்லை. காளியப்பன் ஓரத்துச் சிப்பாய்களை ஓட்டிக்கொண்டு வந்து அர்ச்சுனனின் ராஜாவுக்கு முன்னால் வேலியை உடைத்தான். அர்ச்சுனன் தன் சிப்பாய் ஒன்றைப் பலி கொடுத்து வரிசையைத் திறந்தான். வழியில் ஒரு குதிரை குறுக்கே நின்றது. யானையையே கொடுத்து அந்தக் குதிரையை வெட்டினான்.

"அலமாக்! யானையவா கொடுக்கிறான்?" என்றான் பின்னால் நின்ற ஒருத்தன். ஐயாசாமி முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

யானை போனாலும் வெள்ளை ராஜா வெட்டவெளிக்கு வந்துவிட்டது. அர்ச்சுனனின் ராணி, செக் ஆகாத கோணத்தில், அதை நெருங்கிப் போய் அமர்ந்தது. இப்போது மிச்சமிருந்த இன்னொரு யானையை அந்தத் திறந்த வரிசைக்குக் கொண்டுவந்தால் நேராக ராஜாவுக்கு செக். அப்புறம் துரத்தித் துரத்தி அடித்திருக்கலாம். சதுரங்கம் தெரிந்த சின்னப் பிள்ளைகூட அதைத்தான் ஆடும்.

அர்ச்சுனன் யானையைக் கையில் எடுத்தான். வாயைத் திறக்கப் போனான். திறக்கவில்லை. செக் சொன்னால் முதல் வார்த்தை அவனுடையதாகிவிடும். 'நீதானே முதலில் பேசினாய்' என்று இந்த ஆள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். யானையை ஒரு கட்டம் தள்ளிப் பக்கத்து வரிசையில் வைத்தான். அது சும்மா மிரட்டல்தான், செக் இல்லை. அந்த ஒரு நகர்த்தலில் காளியப்பனுக்கு மூச்சு வந்தது.

காளியப்பன் சும்மா இருப்பானா? தன் யானையைத் தூக்கிக் கொடுத்து, அர்ச்சுனனின் ராஜாவைக் காத்து நின்ற குதிரையை வெட்டினான். அர்ச்சுனன் அந்த யானையைச் சிப்பாயால் வெட்டினான். காளியப்பன் ஒரு சிப்பாயை முன்னே தள்ளி ராஜாவின் வாசலிலேயே நிறுத்தினான். அவனுடைய ராணி ஏற்கெனவே அங்கே வந்து நின்றது. அர்ச்சுனனின் ராணி அதைக் கவனிக்காமல் கிடைத்த சிப்பாய்களை மேய்ந்துகொண்டிருந்தது. அர்ச்சுனன் ஒரு நிமிஷம் பேராசைப்பட்டு, இன்னொரு சிப்பாயையும் வெட்டிவிட்டுப் பலகையைப் பார்த்தான்.

பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. செத்தான். காளியப்பனின் ராணி அவன் ராஜாவுக்குப் பக்கத்து ஓரச் சிப்பாயை வெட்டினால் செக். ராஜா ஒரு கட்டம் ஒதுங்கலாம், வேறு வழியில்லை. ராணி கோடிக்குப் போனால் மேட். இரண்டே நகர்த்தல். தடுக்க அவனிடம் ஒரு காயும் இல்லை. சுற்றி நின்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

காளியப்பனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் கை ராணிக்கு மேலே போனது. தொடாமல் அப்படியே நின்றது. உதடு அசைந்தது. அந்த உதட்டையே அர்ச்சுனன் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லப் போகிறான், அட, தோற்றாலும் போகட்டும், முதலில் பேசியவன் அவன்தான் என்று அர்ச்சுனனுக்கு உள்ளே ஒரு குரூர சந்தோஷம்கூட வந்தது.

காளியப்பன் கையை இழுத்துக்கொண்டான். நெற்றி வியர்வையைத் துடைத்தான். தன் யானையை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தி ஒரு சிப்பாய்க்குக் காவல் வைத்தான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"பைத்தியமாலா இவனுங்களுக்கு?" என்று யாரோ வாய்விட்டே கேட்டார்கள். இந்த முறை ஐயாசாமிக்கு முறைக்கவும் தோன்றவில்லை.

அர்ச்சுனன் அதிர்ந்துபோனான். இவன் அந்த மேட்டைப் பார்த்தான். கையில் வெற்றியை வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்பதற்காக அதை வீசி எறிந்தான். இத்தனை பேர் பார்க்க, ஊர் சிரிக்க, பரவாயில்லை என்று வீசி எறிந்தான். என்னோடு பேசக் கூடாது என்பதற்காக இதையே விட்டவன் வேறு எதைத்தான் விடமாட்டான்? மழை இன்னும் வலுக்கும். ஆறு பொங்கும். செல்லத்துக்கு வலி எடுக்கும். அப்போதும் இவன் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

அடுத்த நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. நான் மட்டும் என்ன செய்தேன்? சற்று முன்னால் யானையைக் கையில் எடுத்துவிட்டு நானும் இதையேதான் செய்தேன். இவன் ராட்சசன் என்றால் நான் யார்? இரண்டு ராட்சசர்களுக்கு நடுவில் அவள் ஒருத்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். வெள்ளையம்மாவைப் பாடையில் வைத்தபோது அம்மா போட்ட கூச்சல் அவன் காதில் கேட்டது. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பலகையைப் பார்த்தான். காளியப்பன் காவலுக்கென்று நகர்த்திய யானை வெள்ளை ராஜா தப்பி ஓட இருந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அர்ச்சுனன் யானையை எடுத்தான். திறந்த வரிசையில் ராஜாவுக்கு நேரே வைத்தான்.

"செக்" என்றான்.

கூடம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. காளியப்பன் அவனை வெறித்துப் பார்த்தான். அவன் முகத்தில் வெற்றிச் சிரிப்பு வரும் என்று அர்ச்சுனன் எதிர்பார்த்தான். வரவில்லை. ராஜாவுக்கு நகர ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அங்கே நகர்த்தினான்.

இனி ராணியை மூலைக்குக் கொண்டுபோனால் மேட். அர்ச்சுனன் ராணியைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை" என்றான். "செல்லத்த எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க."

"ஆட்டத்துல பேசக் கூடாது" என்றார் ஐயாசாமி, பழக்க தோஷத்தில்.

"நீங்க சும்மா இருங்க ஐயா. அன்னைக்கு விட்டுட்டு வந்தது தப்புதான். நான் கேக்குறேன், மூஞ்சிய பாத்துக் கேக்குறேன். அவள அனுப்புங்க. இந்தக் கோப்பை உங்களுக்கே இருக்கட்டும்." தன் ராஜாவைப் படுக்க வைக்கக் கையை நீட்டினான். "ஆட்டம் உங்க..."

காளியப்பன் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். காய்கள் ஆடின. வலிக்கும்படி பிடித்தான்.

"மூடு வாய. எனக்குப் பிச்சை போடுறியா?"

வளைகாப்புக்குப் பிறகு காளியப்பன் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பிச்சை இல்ல மாப்பிள்ளை..."

"எம்பொண்டாட்டிய அனுப்புறதுக்கு நீ எனக்கு லஞ்சம் கொடுக்கணுமா? ஊர்ல நாளைக்கு என்ன பேசுவான்? கோப்பையக் கொடுத்துப் பொண்ண வாங்குனான்ம்பான். உனக்கு எப்பவும் அடுத்தவன அவமானப்படுத்தாம ஒண்ணும் செய்யத் தெரியாதா? எடு. உன் ராணிய எடு. ஆடு."

அர்ச்சுனனுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. மணிக்கட்டை உதறி விடுவித்துக்கொண்டான். ராணியை எடுத்து மூலையில் அறைந்து வைத்தான்.

"செக். மேட்."

"ம்" என்றான் காளியப்பன்.

"வாயால சொல்லணும்" என்றான் அர்ச்சுனன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். பழக்கம் விடுமா?

காளியப்பன் எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அவன் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்தது.

"ஆட்டம் உன்னுது. போதுமா? கேட்டுக்க. நாளைக்கு ரப்பர் ஏத்திக்கிட்டு எங்க லோரி இங்க வருது. செல்லம் அதுல முன்னால உக்காந்து வருவா. நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்பா. தினமும் அந்த ரோட்டப் பாத்துக்கிட்டு அழுவுறா. அத நான் உக்காந்து பாக்குறேன்."

"நீங்களும் ஒரு வார்த்த..."

"சொல்லியிருக்கலாம். சொல்லல. உன்ன எனக்குப் புடிக்கல." காளியப்பன் தொப்பியை எடுத்தான். "பிள்ளை பொறந்தா ஆள் விட்டுச் சொல்லு. பாக்க வருவேன். நான் வர்றப்ப நீ வீட்ல இருக்கக் கூடாது."

அர்ச்சுனனுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. என் வீட்டில் நான் இருக்கக் கூடாது என்று சொல்ல நீ யார்? நல்ல பதில்தான். வேறொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பான், கூட்டமும் கைதட்டியிருக்கும்.

"இருக்க மாட்டேன்" என்றான்.

காளியப்பன் தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனான். கைகூடக் கொடுக்கவில்லை. ஐயாசாமி கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினார், ஏதோ பாராட்டும் சொன்னார். அர்ச்சுனன் அதை வாங்கி மேசையிலேயே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தான். வழியெல்லாம் மணிக்கட்டு வலித்தது.

வீட்டில் பேச்சியம்மாள் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். மகன் நனைந்து வந்து நின்றதைப் பார்த்துத் துண்டைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"நாளைக்கு வர்றாம்மா. தோட்டத்து லோரியில."

பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள் அறைக்குள் போய்க் கட்டிலை இழுத்துப் போடத் தொடங்கினாள். அர்ச்சுனன் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றான். தான் பட்ட பாட்டை யாராவது ஒருத்தர் கேட்டால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"அவர் பிள்ளையப் பாக்க வர்றப்ப நான் இந்த வீட்ல இருக்கக் கூடாதாம்மா. அத்தன பேர் முன்னால சொல்றாரு" என்றான்.

பேச்சியம்மாள் கட்டில் மேல் கிடந்த அவனுடைய துணிகளை அள்ளி அவன் கையில் திணித்தாள்.

"அப்ப இருக்காத" என்றாள்.